நண்டு வளை

ஐப்பசி கடைசி. மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். தம்பி திண்ணையில் உட்கார்ந்து டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு நான் எழுந்து வந்தேன்.

"நீ ஏங்க்கா எந்திரிச்ச? படு. வாய்க்கா ஓரம் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறேன்."

"நானும் வர்றேன்."

"சேத்துல வுழுந்து இடுப்ப ஒடச்சிக்காத. ஒனக்குப் பென்ஷன் வரும். நான்ல தூக்கிட்டு நடக்கணும்."

எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம், அரிச்சந்திரா நதிப் பாசனம். சுத்தக் கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தார்கள் என்று பேப்பரில் படம் வரும். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு தாண்டி, ஊர் ஊராகக் குடித்தது போக எங்களிடம் வந்து சேரும்போது அதற்கே மூச்சு வாங்கும். ஐப்பசியில் நிலைமை தலைகீழ். மேலேயிருந்து வடிகிற அத்தனையும் எங்கள் தலையில். காவிரி எங்களுக்கு வருவது இரண்டே விதம்: வராது, வந்தால் ஒரேயடியாக வரும். அடைமழைக் காலத்தில் ராத்திரி வரப்பைப் பார்க்கப் போகாத வீடு இந்தப் பக்கம் கிடையாது.

பார்க்கப் போவது நண்டு வளையை. வயல் நண்டு வரப்பின் ஒரு பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போட்டு, உள்ளுக்குள் வளைந்து வளைந்து போய் இன்னொரு பக்கம் வாய் வைக்கும். கட்டைவிரல் போகிற அளவுதான். முதலில் சும்மா ஈரம் கசியும். அப்புறம் நூல் மாதிரி ஒரு ஓட்டம். அந்த ஓட்டமே மண்ணை அரித்துத் துளையைப் பெரிதாக்கும்; துளை பெரிதானால் ஓட்டம் பெருகும்; ஓட்டம் பெருகினால் இன்னும் அரிக்கும். விடிவதற்குள் வரப்பில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு உடைப்பு. நட்டதோ விதைத்ததோ, மூன்று மா பயிர் வண்டலுக்கு அடியில்.

அப்பா வளை கண்டுபிடிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வெளிப்பக்கம் வாய் எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்பக்க வாய்தான் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். மடியில் கொஞ்சம் பதர் கட்டிக்கொண்டு போவார். தண்ணீர் மேல் தூவிவிட்டுச் சும்மா நிற்பார். பதர் ஒரு இடத்தில் தயங்கும், மெல்லச் சுற்றும், உள்ளே போகும். அங்கே காலை வைத்து அழுத்தி, வைக்கோலும் களிமண்ணும் திணித்து மிதிப்பார். பல நாள் பதர்கூட வேண்டாம். வரப்பில் நடக்கும்போதே நின்று காதைச் சாய்ப்பார். "இழுக்குது" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது.

கல்பாக்கத்தில் 38 வருஷம் நான் செய்ததும் இதே வேலைதான். சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை.

1984-ல் வேதியியல் பட்டத்தோடு சயின்டிஃபிக் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். என் பணி ஆணையில் இருந்த பெயர் 'ரியாக்டர் ரிசர்ச் சென்டர்'. மறு வருஷம் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆயிற்று. அதே 1985 அக்டோபர் 18-ல் வேக ஈனுலைச் சோதனை உலை, நாங்கள் சொல்வது எஃப்.பி.டி.ஆர்., முதன்முதலாகத் தொடர்வினையைத் தானே தாங்கி நின்றது. வளாகம் முழுக்க இனிப்பு. ஊருக்கு வந்து சொன்னபோது அத்தை கேட்டார்: "அங்க குண்டுதான பண்றாங்க? நீ கைய கிய்ய வைக்காதடி." இன்றுவரை அந்தக் கேள்வி வேறு வேறு வாயில் வந்துகொண்டேதான் இருக்கிறது. நான் குண்டை நெருங்கியதே இல்லை. நான் பார்த்தது சோடியம்.

ஏன் சோடியம் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் யுரேனியம் கொஞ்சம், கடற்கரை மணலில் தோரியம் நிறைய. தோரியம் நேராக எரியாது. ஆகவே மூன்று கட்டம் என்று ஹோமி பாபா போட்ட கணக்கில் இரண்டாம் கட்டம் வேக ஈனுலை. எரிகிற எரிபொருளைவிடக் கூடுதலாகப் புது எரிபொருளை உண்டாக்கும் உலை. விதைநெல் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நியூட்ரான்கள் வேகம் குறையாமல் ஓட வேண்டும். தண்ணீர் அவற்றின் வேகத்தைத் தணித்துவிடும். அதனால் உலையைக் குளிர்விக்கத் தண்ணீர் ஆகாது, உருகிய சோடியம்.

கல்லூரி லேபில் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்பார்களே, அதே உலோகம். கத்தியால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். வெட்டின இடம் வெள்ளியாகப் பளபளத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப்போகும். 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். கல்பாக்கத்திலேயே கட்டிய பி.எஃப்.பி.ஆர். எனும் 500 மெகாவாட் வேக ஈனுலையில் சோடியம் 547 டிகிரியில் வெளியே வரும். கொதிநிலைக்கு இன்னும் முந்நூறு டிகிரிக்கு மேல் இடைவெளி. ஆகவே அழுத்தம் கொடுத்து அடைத்து வைக்க வேண்டிய தொந்தரவு இல்லை. அதோடு, உருகிய சோடியம் ஏறக்குறையத் தண்ணீரைப் போலவே ஓடும். உலைக்குள் ஓட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க, நான்கில் ஒரு பங்கு அளவில் 'சாம்ராட்' என்று ஒரு மாதிரி கட்டி அதில் தண்ணீரைத்தான் ஓட விட்டார்கள். சுழல் எங்கே, தேக்கம் எங்கே, மேல்மட்டத்தில் காற்று உள்ளே இழுபடுகிறதா. அதைப் பற்றிய பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மதகடியில் நிற்கிற நினைப்பு வரும்.

எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல். சோடியத்துக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. பட்டால் சூடு, காரம், ஹைட்ரஜன். மின்சாரம் எடுக்கவோ நீராவி வேண்டும். ஆக, எந்த இரண்டும் தொடவே கூடாதோ அந்த இரண்டையும் ஒரு மெல்லிய உருக்குச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட விட்டுத்தான் ஆக வேண்டும். அந்தச் சுவர் நீராவி உற்பத்திக் கலத்தின் குழாய். பி.எஃப்.பி.ஆரில் அப்படி எட்டுக் கலங்கள். ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள். (சோடிய வெப்பநிலையும் 547, குழாய்களும் 547. தற்செயல்தான். புதிதாக வரும் பயிற்சிப் பிள்ளைகளைக் குழப்ப உதவும்.) ஒவ்வொரு குழாயும் 23 மீட்டர் நீளம், சுவர் கனம் 2.3 மில்லிமீட்டர். வெளியே சோடியம். உள்ளே சுமார் 170 வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர், நீராவி. லாரி டயரில் எட்டு இருந்தால் அதிகம்.

இந்தக் கலத்துக்கு வரும் சோடியம் உலைக்குள் சுற்றும் கதிரியக்கச் சோடியம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நடுவில் இரண்டாவதாக ஒரு சோடியச் சுற்று வைத்திருக்கிறார்கள். இங்கே ஏதாவது ஆனால் அது உலையைத் தொடக் கூடாது என்பதற்காகவே. அப்பா வயலுக்கும் பெருவாய்க்காலுக்கும் நடுவில் ஒரு குட்டி வரப்பு வைத்துக்கொண்டே இருப்பார். "இடம் வீணாப் போவுது" என்று அம்மா சொல்லுவார்.

இனிமேல்தான் வளை. குழாயில் மயிரிழை ஓட்டை ஒன்று விழுந்தால் நீராவி சோடியத்துக்குள் பீய்ச்சும். பட்ட இடத்தில் வினை. சூடும் காரமும் சேர்ந்து ஓட்டையின் விளிம்பையே தின்னும். ஓட்டை தன்னைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். பெரிதானதும் அந்தப் பீய்ச்சல் எதிரே இருக்கும் அடுத்த குழாயைப் போய் அறுக்கும். அது ஓட்டையானால் அதற்கடுத்தது. மிகச் சின்ன ஓட்டையில் இன்னொரு வேடிக்கை உண்டு: வினையில் உண்டான கசடே அதை அடைத்துக்கொள்ளும். கசிவு நின்றதுபோல் இருக்கும். கொஞ்ச நேரமோ கொஞ்ச நாளோ கழித்துப் பட்டென்று முன்னைவிடப் பெரிதாகத் திறக்கும். இதை முதன்முதலில் எங்கள் குழுத் தலைவர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோது நான் பின் வரிசையில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். என்ன என்றார். "எங்க ஊர்ல சேறு அடைச்சிட்டு திரும்பப் பிச்சிக்கும் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, அவர் பாலக்காட்டுக்காரர்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் கதை இல்லை. 1987 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் டவுன்ரே வேக உலையில் நீராவியை மேலும் சூடேற்றும் கலம் ஒன்றில் குழாய் ஒன்று விட்டுப்போனது. குழாய்கள் ஓட்டத்தில் அதிர்ந்து தடுப்புத் தகட்டோடு உரசி உரசித் தேய்ந்திருக்கின்றன. ஒன்று போனதும் சுமார் பத்து நொடிக்குள் 40 குழாய். கலத்துக்கு வைத்திருந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் அழுத்தத்தை வெளியே தள்ளிவிட்டன, உலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகும் 1994 வரை ஓடியது. இருந்தாலும் பத்து நொடி! டார்ச்சைத் தேடக்கூட நேரம் பத்தாது.

ஆகவே வேலை எல்லாம் அந்தப் பத்து நொடிக்கு முன்னால். கசிவு நூலாக இருக்கும்போதே அதைக் கேட்க வேண்டும். சோடியத்துக்குள் குமிழி உடையும் சத்தத்தைக் காதால் பிடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் உழைத்தது. நான் இருந்தது ஹைட்ரஜன் பக்கம். தண்ணீர் உள்ளே வந்தால் ஹைட்ரஜன் உண்டாகி சோடியத்தில் கரையும். சோடியத்தில் எப்போதுமே கொஞ்சம் ஹைட்ரஜன் இருக்கும், நூறு கோடியில் ஐம்பது பங்கு போல. அது அறுபது ஆனால் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கை ஊரில் புரியவைக்க நான் நெல்லுக்குத்தான் போவேன். ஆயிரம் நெல்மணி ஏறக்குறைய 22 கிராம் என்றால் நூறு கோடி மணி 22 டன். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் பிடிப்பார்களே, அதில் 550 சிப்பம். அவ்வளவு நெல்லையும் குவித்துப் போட்டு, அதில் கருக்காய், உள்ளே அரிசி பிடிக்காத மணி, ஐம்பது இருக்கிறது என்று வையுங்கள். யாரோ இன்னும் பத்து போட்டுவிட்டுப் போகிறார்கள். உடனே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த கொள்முதல் நிலையத்து எடைக்காரர் சொன்னார்: "பத்து கருக்காய்க்கா மேடம் மெஷின்? இங்க வாங்க, ஒரு மூட்டைக்கே எவ்வளவுன்னு காட்டுறேன்."

எங்கள் மீட்டரின் உள்ளே இருப்பது ஒரு உப்பு: கால்சியம் புரோமைடும் கால்சியம் ஹைட்ரைடு-புரோமைடும் சேர்ந்தது. ஹைட்ரைடு அயனி அதன் வழியே நகரும். ஒரு பக்கம் அளவு மாறாத ஹைட்ரஜன், மறுபக்கம் சோடியம். இரண்டு பக்கமும் மட்டம் வேறாக இருந்தால் நடுவில் ஒரு மின்னழுத்தம் எழும். வரப்பின் இரு பக்கமும் நீர்மட்டம் வேறானால் தள்ளுவது போல. அந்த மின்னழுத்தத்தை அளந்தால் ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சொல்ல நான்கு வரி. செய்ய எத்தனை வருஷம் ஆனது என்று எண்ணிப் பார்த்ததில்லை. அந்த உப்புக்குக் காற்றின் ஈரம் பட்டாலே போயிற்று. ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், சுவரில் பொருத்திய ரப்பர் கையுறையில் தோள்வரை கையை விட்டு, மணிக்கணக்கில் வேலை. மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிரான்சில் ஃபீனிக்ஸ் உலையில் எங்கள் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்று வீட்டில் பால் பாயசம் வைத்தேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். விளக்க ஆரம்பித்தேன், பாயசம் ஆறிவிட்டது.

ஒருமுறை சோதனைச் சுற்றில் வைத்திருந்த என் மீட்டர் ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போனது. பக்கத்தில் இருந்த மற்ற மீட்டர்கள் அசையவில்லை. சோடியம் பொய் சொல்கிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா? மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். கடைசியில் என் இடது கையுறையில், சுண்டுவிரல் நுனியில், ஊசிமுனை ஓட்டை. அந்த வாரம் கையுறையைச் சோதிக்க வேண்டிய முறை என்னுடையது. சோம்பல்பட்டுப் 'பார்த்தேன்' என்று ஏட்டில் டிக் அடித்திருந்தேன். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிக்குள் நானே ஒரு கசிவை வைத்துத் தைத்திருக்கிறேன். குழுத் தலைவர் திட்டவில்லை. அந்தக் கையுறையைக் கத்தரித்து விரல் நுனியை மட்டும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். ஓய்வு பெறும் நாள் வரை அது அங்கேயே இருந்தது.

அப்பா வளையை அடைத்தார். நாங்கள் வேண்டுமென்றே வளை போட்டும் பார்த்தோம். சோடியத்துக்குள் நீராவியைத் தெரிந்தே கசியவிட்டு, குழாய் எவ்வளவு நேரத்தில் எப்படி அரிக்கிறது என்று அளப்பதற்கென்றே ஒரு தனிக் கூடம் உண்டு, சோவார்ட் என்று பெயர். ஒரு பொங்கலுக்கு அப்பாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "நண்டும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கோ என்னமோ" என்றார்.

சோடியம் எங்கள் கரைக்குப் புதிதும் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் வந்த அதே அலை கல்பாக்கத்தில் பி.எஃப்.பி.ஆருக்குத் தோண்டியிருந்த அடித்தளக் குழியை நிரப்பியது; நாகப்பட்டினம் கரையில் ஆயிரக்கணக்கில் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கடலோரம் அத்தையின் வயல் முழுக்க உப்பு நீர். களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டால் மண் குழைந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் போட்டார்கள். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைப் பிடித்துத் தள்ள, மழை அதைக் கழுவிக்கொண்டு போனது. நான் விளக்கியபோது அத்தை கேட்டார்: "இதத்தான் நீ அங்க படிச்சிக்கிட்டிருக்கியா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல." குண்டுப் பேச்சை அன்றோடு விட்டார்.

தம்பி அப்படி விடுகிற ஆள் இல்லை. டெல்டாவில் 'ஆராய்ச்சி' என்று சொன்னாலே ஆட்கள் துளைபோடும் இயந்திரம் எங்கே வருகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று வருஷக்கணக்காகப் பட்டது அப்படி. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய்க் குழாய் வயலுக்குள் கசிந்தது. அப்புறம் போராட்டம், தடியடி, கைது. 2020-ல்தான் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அந்த 2017 ஆடியில் நான் ஊருக்கு வந்திருந்தபோது தம்பியிடம் வழக்கம்போல் 550 சிப்பக் கணக்கைச் சொன்னேன். முழுசாகக் கேட்டான்.

"எல்லாம் சரிக்கா. ஒங்க மெஷினு ஒங்களுக்குச் சொல்லிடும். எங்களுக்கு யாரு சொல்லுவா?"

அவனுக்குப் பதிலாக நான் ஜப்பான் கதையைச் சொன்னேன். பதில் இல்லை அது, ஒப்புதல்தான். 1995 டிசம்பர் 8, மொஞ்சு உலை. இரண்டாம் சோடியச் சுற்றில் வெப்பமானி வைக்கும் உறை ஒன்று ஓட்டத்தில் அதிர்ந்து ஒடிந்தது. 640 கிலோ போலச் சோடியம் வெளியே வந்து எரிந்தது. கதிரியக்கமும் இல்லை, ஆளுக்கும் சேதம் இல்லை. பொறியியல் பார்வையில் சரிசெய்யக்கூடிய தப்பு. ஆனால் உள்ளே எடுத்த வீடியோவில் மோசமான காட்சிகளை வெட்டிவிட்டு மீதியை வெளியே காட்டினார்கள் என்பது அம்பலமானது. அதற்குப் பிறகு அந்த உலை எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்; 2010-ல் கொஞ்ச காலம் தலையைத் தூக்கியது, 2016-ல் மூடுவதென்று முடிவு. ஒடிந்த உறையைவிட அந்த வெட்டின வீடியோதான் அதைக் கொன்றது என்பது என் கட்சி. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பணம், அரசியல் என்று வேறு காரணம் சொல்லுவார்கள். இருக்கலாம். எனக்கு நானே அடித்த அந்த டிக் ஞாபகம் வரும்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். சேற்றில் விழாமல் வாய்க்கால் வரை போய்விட்டோம். எங்கள் வரப்பு கெட்டியாக இருந்தது. ஆடியிலேயே அண்டை வெட்டி அண்டை வைத்திருந்தான், அதாவது வரப்போரத்தைச் செதுக்கிச் சேறு அணைத்திருந்தான். அதைத் தாண்டிப் பத்தடி போனதும் தம்பி நின்றான். காதைச் சாய்த்தான். அப்பா மாதிரியே.

"இழுக்குது."

டார்ச் அடித்துப் பார்த்தால் வாய்க்கால் கரையில், அந்தப் பக்கம் வயலுக்குள், மணிக்கட்டு கனத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் காலை விட்டுத் துழாவினேன். ஒரு இடத்தில் பாதத்தை யாரோ மெல்லப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அறுபது வயதுக்கு மேல் முதல்முறை.

"தோ, இங்கதாண்டா. மண்ண வெட்டிப் போடு."

தம்பி மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அது சித்தப்பா மகன் வயல். நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையே இந்தக் கரையில்தான்: ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பி வந்து வரப்பை வெட்டிவிட்டான் என்று அவர் பஞ்சாயத்து வைத்தார். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு, அதே கரையில், இவன் கையில் மண்வெட்டி.

"நான் கைய வச்சன்னா நாளைக்கு நான்தான் வெட்டுனேம்பாரு."

"அதுக்காகப் பாத்துக்கிட்டு நிக்கிறதா? வெடியறதுக்குள்ள பிச்சிக்கும்டா."

ஒன்றும் சொல்லாமல் கரையில் விடுவிடுவென்று நடந்தான். நான் காலை அந்த வாய்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, டார்ச்சைப் பிடித்தபடி இருட்டில் நின்றேன். குதிகால் ஓரமாகத் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. தெருமுனையில் அவன் நிற்பது தெரிந்தது. அவர் வீட்டு வாசலுக்கு நேராக, ஆனால் முகத்தை எதிர்ப்பக்கம் கோயில் பார்த்துத் திருப்பிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"யாரு வூட்டு வயலோ... வாய்க்கா கரை போவுதுங்கோ!"

இரண்டாவது தடவை கத்தியதும் அவர் வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்தது.